மாத்திரை சாப்பிட்டாச்சா?

உங்கள் வீட்டில் பி.பி. மாத்திரையோ சுகர் மாத்திரையோ தீர்ந்து போனால் என்ன செய்கிறீர்கள்? காலி அட்டையை செல்போனில் ஒரு போட்டோ எடுத்துத் தெருமுனை மெடிக்கல் ஷாப்காரருக்கு வாட்ஸ்அப்பில் தட்டி விடுகிறீர்கள். அரை மணி நேரத்தில் கடைப் பையன் கொண்டு வந்து கொடுத்து விடுகிறான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கமெல்லாம் இன்றைக்கு இது சர்வ சாதாரணம். "ஏம்மா, போன வாரமே தீர்ந்திருக்கணுமே... ஒழுங்கா சாப்பிடறீங்களா இல்லையா?" என்று உரிமையோடு கேட்கிற கடைக்காரர்கூட உண்டு.

இதே கேள்வியை எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடும் ஒருவரிடம் யார் கேட்பது? எப்படிக் கேட்பது? கேட்டால் பலன் உண்டா?

"அந்தச் சமாசாரமெல்லாம் நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். தினமும் ஒரு மாத்திரையை, யாருக்கும் தெரியாமல், வருடக் கணக்கில் விழுங்கிக் கொண்டிருப்பவர் உங்கள் ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் இருக்கலாம். உங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் இருக்கலாம். உங்கள் சொந்தத் தம்பியாகவும் இருக்கலாம். இதைப் படிக்கும் நீங்களாகவே இருந்தாலும் பயமில்லை. மேலே படியுங்கள்.

அப்போதும் இப்போதும்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நம் சென்னையில்தான். 1986-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகள் சேகரித்தார்கள். அவை வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. அன்றைக்கு இது கிட்டத்தட்ட மரண தண்டனை. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு சிகிச்சை வந்தது. ஆனால் அது ஒரு பெரிய தண்டனை. எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், செம்பு செம்பாகத் தண்ணீர்! விலையோ நடுத்தரக் குடும்பம் நினைத்தே பார்க்க முடியாதது. 2001-ல் நம் நாட்டு சிப்லா கம்பெனி வருடத்துக்கு 350 டாலருக்கு இந்தக் கூட்டு மருந்தைத் தருகிறோம் என்று அறிவித்த பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரல் முதல் தேதி மத்திய அரசு இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தது. ஆரம்பத்தில் நாடு முழுக்க எட்டே எட்டு ஆஸ்பத்திரிகள். அதில் ஒன்று நம் தாம்பரம் சானடோரியம்.

இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரே ஒரு மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள்ளேயே அடக்கம். சாப்பிட்ட பிறகோ முன்போ எப்போது வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளலாம். அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் காசு கிடையாது. ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் இருக்கிற தடயமே பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைந்து விடும். அந்த நிலை தொடர்ந்தால் தாம்பத்திய உறவின் மூலம் கணவனிடமிருந்து மனைவிக்கோ, மனைவியிடமிருந்து கணவனுக்கோ வைரஸ் பரவுவதில்லை. இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. பல நாடுகளில் தம்பதிகளை வருடக் கணக்கில் பின்தொடர்ந்து உறுதி செய்த விஷயம். 2011-ல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில் சென்னைத் தம்பதிகளும் பங்கெடுத்திருக்கிறார்கள்.

எல்லாம் சரி. ஆனால் அந்த 'ஒழுங்காக' என்ற ஒரு வார்த்தையில்தான் எல்லாமே தொங்குகிறது.

இரண்டு மாத்திரை விட்டால் என்ன?

மாதம் 30 மாத்திரை. இரண்டை மறந்தால் 28. கணக்குப் போடுங்கள், 93 சதவிகிதம். பரீட்சையில் 93 மார்க் வாங்கினால் பாயசம் வைப்போம். எச்.ஐ.வி. சிகிச்சையில் 95-க்கு மேல் இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் எதிர்பார்க்கிறார்கள். அதாவது மாதத்துக்கு ஒரு தவறு, அவ்வளவுதான்.

ஏன் இந்தக் கண்டிப்பு? சிகிச்சை இல்லாத உடம்பில் இந்த வைரஸ் ஒரு நாளைக்கு ஆயிரம் கோடி வரை புதிது புதிதாகப் பெருகும். அவசரத்தில் நகல் எடுப்பதால் ஏகப்பட்ட பிழைகள். எழுத்துப் பிழையோடு பிறக்கும் வைரஸில் ஏதோ ஒன்று மருந்துக்கு அடங்காததாக அமைந்து விடலாம். ரத்தத்தில் மருந்து முழு அளவில் இருந்தால் நகல் எடுக்கவே விடாது. அரைகுறையாக இருந்தால்தான் ஆபத்து. சாதாரண வைரஸ் அடங்கிவிடும், அடங்காத பயல் மட்டும் தப்பித்துப் பெருகுவான். பிறகு அதே மாத்திரையை எத்தனை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் வேலை செய்யாது. வேறு மருந்துக்கு மாற வேண்டும். அது இன்னும் சிக்கல்.

டோலுடெக்ராவிர் இந்த விஷயத்தில் பழைய மருந்துகளைவிடக் கொஞ்சம் பொறுமைசாலி. எப்போதாவது ஒருநாள் மறந்தால் உடனே குடி மூழ்கி விடாது. அதற்காக அதன் பொறுமையைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்!

மறந்து போனால்? ஞாபகம் வந்தவுடன் போட்டுக் கொள்ளுங்கள். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரம்கூட இல்லை என்றால் விட்டு விட்டு, வழக்கமான நேரத்தில் ஒன்று போடுங்கள். "நேத்து விட்டுப் போச்சு, இன்னிக்கு ரெண்டா போட்டுடலாம்" என்பது மட்டும் கூடாது.

சேத்துப்பட்டில் எண்ணிய மாத்திரை

மருந்து சாப்பிட்டாரா இல்லையா என்று கண்டுபிடிக்கும் கலை நம் ஊருக்குப் புதிதல்ல. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய்க்காக ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசுதான். நோயாளியை சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுக்க வைப்பதும், வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுப்பதும் ஒன்றுதானா என்று அங்கே பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தார்கள். உலகமே அதன் பிறகு தன் சானடோரியங்களை மூட ஆரம்பித்தது.

ஆனால் அந்த ஆராய்ச்சியில் எனக்குப் பிடித்தது வேறு விஷயம். வீட்டில் கொடுத்த மருந்தை நிஜமாகவே சாப்பிடுகிறாரா என்று அறிய, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய் மிச்சத்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். 'நல்ல நோயாளி', 'படித்த நோயாளி' என்று முகத்தைப் பார்த்து முடிவு கட்ட முடியாது, யார் வேண்டுமானாலும் விட்டு விடுவார்கள் என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது.

பிற்பாடு செல்போன் காலத்தில் இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தார்கள். '99டாட்ஸ்' என்று பெயர். காசநோய் மாத்திரை அட்டையைப் பிரித்தால் உள்ளே மறைந்திருக்கும் ஒரு போன் நம்பர் தெரியும். அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால். முடிந்தது வேலை! இன்றைக்கு அட்டையைப் பிரித்தார் என்று மையத்துக்குப் பதிவாகிவிடும். எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து இருப்பவர்களுக்குத்தான் அரசு இதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது. நம்மைப் போல மிஸ்டு கால் கொடுப்பதில் தேர்ந்த ஜனங்கள் உலகில் வேறு யார்?

போன் செய்தால் போதுமா?

இங்கேதான் ஒரு சுவாரசியமான திருப்பம்.

ஆப்பிரிக்காவின் கென்யாவில் 538 எச்.ஐ.வி. நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2010-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியானது. பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரி நர்ஸிடமிருந்து வாரம் ஒரு எஸ்.எம்.எஸ். "மாம்போ?" இவ்வளவுதான் வாசகம். அவர்கள் மொழியில் "எப்படி இருக்கீங்க?" என்று அர்த்தம். இரண்டு நாளுக்குள் "நல்லா இருக்கேன்" என்றோ "ஒரு பிரச்சினை" என்றோ பதில் அனுப்ப வேண்டும். பிரச்சினை என்றாலோ, பதிலே வரவில்லை என்றாலோ, நர்ஸ் போனில் கூப்பிடுவார். மருந்தைப் பற்றியோ எச்.ஐ.வி. பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், செய்தி வந்தவர்களில் 62 சதவிகிதம் பேர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டிருந்தார்கள். வராதவர்களில் 50 சதவிகிதம்தான். வைரஸ் அடங்கியிருந்ததும் முதல் கோஷ்டியில்தான் அதிகம்.

நம் தென்னிந்தியாவிலும் செய்து பார்த்தார்கள். சென்னை டாக்டர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு. மூன்று சிகிச்சை மையங்களில் புதிதாக மருந்து ஆரம்பித்த 631 பேர். பாதிப் பேருக்கு வாரம் ஒரு முறை, பதிவு செய்த குரலில் தானியங்கி போன் அழைப்பு வரும். கூடவே ஒரு படச் செய்தியும் வரும். கிட்டத்தட்ட இரண்டு வருடம். 2014-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' முடிவை வெளியிட்டது. போன் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் சொல்லிக் கொள்ளும்படி ஒரு வித்தியாசமும் இல்லை!

ஏன் இப்படி? ஊர் வேறு, ஜனங்கள் வேறு, ஏற்கெனவே கிடைத்து வந்த கவுன்சலிங் வேறு. ஒரே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் என் கணிப்பைச் சொல்கிறேன். பதிவு செய்த குரலிடம் "ராத்திரி தலை சுத்துது மேடம், அதான் ரெண்டு நாளா போடல" என்று யாராவது சொல்வார்களா? சொன்னாலும் அது என்ன பதில் சொல்லும்? கென்யாவில் மறுமுனையில் ஒரு ஆள் இருந்தார். செல்போன் வெறும் அலாரமாக இருந்தால் கொஞ்ச நாளில் காது பழகி விடுகிறது.

கென்யாவிலேயே இன்னொரு ஆய்வு, 2011-ல். தினமும் எஸ்.எம்.எஸ். அனுப்பியவர்களைவிட வாரம் ஒரு முறை அனுப்பியவர்களுக்கே பலன் கிடைத்தது. தினம் தினம் நச்சரித்தால் எரிச்சல்தான் மிச்சம். மருமகளைக் கேட்டால் சொல்வாள்!

மருந்தாளுநர் எதற்கு?

டாக்டரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் பார்க்கிறோம். மாத்திரை டப்பாவைக் கையில் கொடுப்பவர் மருந்தாளுநர். ஏ.ஆர்.டி. மையத்தில் மிச்ச மாத்திரையை எண்ணுகிற இடத்தில் இருப்பவரும் அவர்தான். 2015-ல் வந்த மருந்தாளுநர் தொழில் விதிமுறைகள், மருந்து எப்படிச் சாப்பிடுவது என்று நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் அவருடைய வேலையாகவே வைத்திருக்கின்றன. அவரிடம் ஒரு வாட்ஸ்அப் வழி இருந்தால் என்னென்ன பிரச்சினை தீரும் என்று பாருங்கள்.

ஒரு உதாரணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர். வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். காலை 8 மணிக்கு மாத்திரை என்று வைத்திருக்கிறார். நைட் ஷிஃப்ட் வாரத்தில் அந்த நேரத்துக்கு அடித்துப் போட்டாற்போலத் தூக்கம். மாத்திரை போச்சு.

"சார், இந்த வாரம் எப்படி?"

"நைட் ஷிஃப்ட் சார். ரெண்டு நாள் விட்டுப் போச்சு."

"பரவாயில்ல சார், சொன்னீங்களே, அதுவே போதும். மூணு ஷிஃப்ட்லயும் நீங்க கண்டிப்பா முழிச்சிருக்கிற நேரம் எது?"

யோசித்தால் ராத்திரி 9 மணி என்று வருகிறது. முதல் ஷிஃப்ட் என்றால் வீட்டில் இருப்பார். இரண்டாவது ஷிஃப்ட் என்றால் வேலை இடத்தில், சட்டைப் பையில் சின்ன டப்பாவில் ஒரு மாத்திரை. நைட் ஷிஃப்ட் என்றால் கிளம்புவதற்கு முன்னால். நேரத்தை மாற்றியாயிற்று, பிரச்சினை முடிந்தது. இதற்காக அவர் ஒருநாள் சம்பளத்தை விட்டு விட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமா?

இன்னொன்று, இதைவிட முக்கியம். மற்ற மருந்துகளோடு சண்டை. ஆவடியில் ஒரு அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் என்று வைத்துக் கொள்வோம். ஜெலுசில், டைஜீன் என்று எதையாவது வாங்கிக் குடிக்கிறார். அதிலுள்ள அலுமினியமும் மெக்னீஷியமும் டோலுடெக்ராவிரை வயிற்றிலேயே பிடித்து வைத்துக் கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. மாத்திரையைத் தவறாமல் போட்டும் போடாத கதைதான். அசிடிட்டி மருந்து குடிக்க இரண்டு மணி நேரம் முன்பே எச்.ஐ.வி. மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் குடித்து ஆறு மணி நேரம் கழித்துப் போட வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளும் இதே ரகம்தான். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்து என்றால் இரண்டையும் ஒன்றாகப் போடலாம்.

சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் நம் வீடுகளில் எத்தனை பேர்! டோலுடெக்ராவிர் சேரும்போது ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவு ஏறும். சாதாரணமாக நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் டாக்டர் பார்த்துக் கொள்வார். அதற்கு அவருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே? காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் டோலுடெக்ராவிர் ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளையாகும். வலிப்பு மருந்துகளில் சிலவும் ஆகாது. அதனால்தான் சொல்கிறேன், புதிதாக எந்த டாக்டர் எந்த மருந்து எழுதினாலும், முதல் மாத்திரை போடுவதற்கு முன் அந்தச் சீட்டின் போட்டோ ஏ.ஆர்.டி. மருந்தாளுநருக்குப் போகட்டும். வாட்ஸ்அப்பால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான், ஞாபகமூட்டல் எல்லாம் அப்புறம்.

கேட்கத் தயங்கவே வேண்டாம். "எங்கள் மாத்திரைக்கு ஒரு நம்பர் உண்டா சார்?" என்று அடுத்த தடவை மையத்தில் கேளுங்கள். நம்பர் தருவதா, எந்த நேரத்தில் பேசலாம் என்பதெல்லாம் மையத்துக்கு மையம் மாறும். ஒன்றும் இல்லையென்றாலும் கவுன்சலர் இருக்கிறார். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வாடிக்கையாளர் நம்பிச் சொன்னால் அது உங்களோடு இருக்கட்டும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மச்சானுக்குக்கூடத் தெரிய வேண்டாம்.

வீட்டில் ஒரே போன் என்றால்?

பூந்தமல்லியில் இருக்கிற ஒருவர், ஹைரோடு பஸ் பிடித்தால் நேரே கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் இறங்கலாம். ஆனால் அதே பஸ்ஸில் பக்கத்து வீட்டுக்காரரும் வருவாரே! அதற்குப் பயந்து சுற்றி வளைத்துத் தாம்பரம் போகிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய ரகசியத்தை ஒரு வாட்ஸ்அப் செய்தி ஒரு நொடியில் கவிழ்த்து விடும். பையன் போனில் கிரிக்கெட் பார்த்துக் கொண்டிருக்கும்போது மேலே 'ஏ.ஆர்.டி. மாத்திரை போட்டீர்களா?' என்று வந்தால் என்ன ஆகும்?

அதனால் முதல் நாளே பேசி வைத்துக் கொள்ளுங்கள். செய்தியில் நோயின் பெயர், மருந்தின் பெயர், ஆஸ்பத்திரி பெயர் எதுவும் வரக் கூடாது. "இந்த வாரம் எப்படி?" போதும். பதில் "சவுக்கியம்" அல்லது "கூப்பிடுங்க". பூட்டிய திரையில் செய்தியின் வாசகம் தெரியாதபடி அமைத்துக் கொள்ள போனிலேயே வழி இருக்கிறது. தெரியாவிட்டால் மருந்தாளுநரிடமே கேளுங்கள். சிகிச்சைக் கையேட்டையோ வைரல் லோடு ரிப்போர்ட்டையோ போட்டோ எடுத்து அனுப்பினால், அது உங்கள் போன் கேலரியிலும் உட்கார்ந்திருக்கும் என்பது ஞாபகம் இருக்கட்டும். அனுப்பிய கையோடு அழித்து விடுங்கள். நோயாளிகளை எல்லாம் ஒரே குரூப்பில் சேர்ப்பது மகா தப்பு. ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரிந்து விடும். அப்படி யாராவது சேர்த்தால் உடனே வெளியே வந்து, ஏன் என்றும் சொல்லி விடுங்கள். சிம் மாற்றினால் மையத்துக்குத் தெரிவியுங்கள். பழைய நம்பர் வேறு யாரிடமோ போய் அவருக்குச் செய்தி போய்க் கொண்டிருக்கும்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையைத் தெரிந்து கொண்டவர், எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அதை வெளியே சொல்லக் கூடாது என்பது பொது விதி. வேலையிலோ ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ பாரபட்சம் காட்டுவதையும் அது தடை செய்கிறது.

விஷயம் தெரிந்த வீட்டுக்காரர்களுக்கு

மனைவிக்கோ அம்மாவுக்கோ தெரிந்திருந்தால் பாதி வெற்றி. ஆனால் போலீஸ் வேலை பார்க்காதீர்கள். "போட்டியா? காட்டு, டப்பாவைக் காட்டு!" என்றால் அடுத்த நாள் முதல் மாத்திரை குப்பைத் தொட்டிக்குப் போகும், வாய் "போட்டாச்சு" என்று சொல்லும். ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு டப்பாவையும் வைத்து விட்டு நகர்ந்து விடுங்கள். அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

விட்டு விட்டவரிடம் "ஏன் விட்டே?" என்று கேட்பதைவிட "எதனால கஷ்டமா இருந்தது?" என்று கேட்டால் நிஜம் வெளியே வரும். சில சமயம் அது குமட்டலாக இருக்கும். சில சமயம் குடியாக இருக்கும். பல சமயம், "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு?" என்ற எண்ணமாக இருக்கும். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வைரல் லோடு பரிசோதனையில் இருக்கிறது. மருந்து ஆரம்பித்து 6-வது மாதம், 12-வது மாதம், பிறகு வருடா வருடம் என்று அரசு மையங்களில் எடுக்கிறார்கள். வைரஸ் அடங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், அடக்கி வைத்திருப்பது மாத்திரைதான். சில செல்களுக்குள் அது ஒளிந்து கொண்டுதான் இருக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே தலை தூக்கும்.

பொங்கலுக்கோ ஒரு கல்யாணத்துக்கோ பத்து நாள் ஊருக்குப் போகிறீர்களா? கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் மையத்தில் சொல்லி வாங்கிக் கொள்ளுங்கள். ரயிலில் பெரிய பெட்டியில் போட்டு வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக் கொள்ளுங்கள். பெட்டி தொலைந்தால் சட்டை போகட்டும், மாத்திரை போகக் கூடாது. வழியில் சந்தேகம் வந்தால், எந்த ஊரில் இருந்தும் 1097 என்ற நம்பருக்கு போன் செய்யலாம். தேசிய எய்ட்ஸ் உதவி எண். கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.